மடக்கும் கீபோர்டில் அப்படி என்ன பெரிய பொறியியல் இருக்கிறது?

நடுவில் ஒரு கீல் வைத்தால் முடிந்துபோகிற வேலைக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்டிருக்கிறீர்கள். விடுதியிலோ பயணத்திலோ கைபேசியை வைத்துக்கொண்டு நீளமாக எழுத வேண்டியிருக்கும், அதற்காகத் தேடிப் பார்த்து விலையைக் கண்டு சலித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தக் கீலை வடிவமைக்கும் வேலையில் இருந்தவன். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வழக்கமான கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். எழுத்துகள் இருக்கும் பகுதி மட்டும் 15 கீ அகலம், அதாவது சுமார் 28.5 சென்டிமீட்டர். பார்க்காமல் அடித்துப் பழகிய விரல்களுக்கு இந்த 19 மில்லிமீட்டர் மனப்பாடம். கருவி எவ்வளவு சிறிதானாலும் விரல் சிறிதாகாது. அதனால்தான் மடிக்க வேண்டியிருக்கிறது. மடிக்கப் போனால் அடுத்த தொல்லை. வரிசைகள் ஒன்றுக்குக் கீழே ஒன்று நேராக இல்லை. மேல் எழுத்து வரிசையிலிருந்து நடு வரிசை கால் கீ தள்ளி நிற்கும், நடு வரிசையிலிருந்து கீழ் வரிசை அரைக் கீ தள்ளி நிற்கும். மேலிருந்து கீழே நேராகக் கோடு போட்டால் ஏதாவது ஒரு கீயை அறுத்தே தீரும்.

இதற்கு இதுவரை வந்த விடைகளில் எனக்கு மிகப் பிடித்தது 1995இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 701 மடிக்கணினி. 'பட்டாம்பூச்சி' என்று எல்லோரும் அழைத்த கீபோர்டு அதில்தான் இருந்தது. ஜான் கரிடிஸ் என்ற பொறியாளர் மகளின் மரக்கட்டைகளை வைத்து விளையாடும்போது தோன்றிய யோசனை என்பார்கள். கீபோர்டை நேராக வெட்டாமல், கீகளின் ஓரத்தை ஒட்டிப் படிப்படியாக மூலைவாட்டில் வெட்டினார். இரண்டு முக்கோணத் துண்டுகள் கிடைத்தன. மூடியைத் திறந்தால் அந்த அசைவிலேயே துண்டுகள் நகர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தி, பெட்டியின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி 9.7 அங்குலம், விரிந்த கீபோர்டு 11.5 அங்குலம். ஒரு கீகூட அறுபடவில்லை. திரைகள் பெரிதாகி, பெட்டியே போதுமான அகலத்துக்கு வந்துவிட்டதால் அந்த வடிவம் தொடரவில்லை. 'தோற்றுப்போன பொருளைப் போய்ப் புகழ்கிறாயே' என்று யாராவது கருத்து எழுதுவார்கள். அது தோற்கவில்லை. அதன் தேவை தீர்ந்தது, அவ்வளவுதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இன்றும் இருக்கிறது.

அப்புறம் 1999இல் பாம் கையடக்கக் கணினிகளுக்காக வந்த ஸ்டோவவே என்ற மடக்கு கீபோர்டு. நான்கு துண்டுகளாக மடிந்து சட்டைப்பைக்குள் போகும், விரித்தால் முழு அளவுக் கீகள். 2015இல் வந்த எல்ஜி ரோலி கீபோர்டு வரிசைகளுக்கு இடையில் மடிந்து ஒரு கோலாகச் சுருளும். எந்த வரிசையும் நடுவில் வெட்டுப்படாது என்பது அதன் கெட்டிக்காரத்தனம். ஆனால் கீ இடைவெளியை 17 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கும் களப்பணியாளர்களின் டேப்லெட்டுக்கு மடக்கு கீபோர்டு செய்யும் வேலை எங்கள் சிறிய டிசைன் அலுவலகத்துக்கு வந்தது. கிளையன்ட் யார் என்று சொல்லப்போவதில்லை. முதல் சண்டை தடிமனுக்காக. இரண்டு பாதிகளையும் இணைப்பது ஒரு மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள், அதாவது வளையக்கூடிய பட்டைக் கம்பி. அதைக் காகிதத்தை மடித்து நகத்தால் அழுத்துவதுபோல் மடித்தால் உள்ளே ஓடும் செம்புக் கோடு சீக்கிரமே விரிசல் விடும். கீலுக்குள் அது வளைவாகப் புரள இடம் விட வேண்டும், அந்த இடத்துக்கு உயரம் வேண்டும். கிளையன்ட் தரப்பில் 'இன்னும் தட்டையாக்குங்கள்' என்று ஒரே பிடிவாதம்.

மோட்டார் வைத்துத் திறந்து திறந்து மூடும் சோதனையில், அவர்கள் கேட்ட தட்டை மாதிரியை ஓடவிட்டுக் காட்டினேன். கோடு அறுந்தால் ஒரு கீ மட்டும் போகாது. கீகள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளின் சந்திப்பில் இருப்பவை. ஒரு கோடு விட்டால் அந்தக் கோட்டில் உள்ள அத்தனையும் ஊமையாகும். அதிலும் கொடுமை, முழுதாக விரித்து வைத்தால் வேலை செய்யும், ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் நின்றுவிடும். பயன்படுத்துகிறவர் மென்பொருளில் கோளாறு என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வளைவுக்கு இடம் தந்தார்கள். மடியில் வைத்து அடித்தால் நடுவில் தொய்யாமலிருக்க ஒரு பூட்டும் வைத்தோம். அந்தக் கீலைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

இரண்டாவது சண்டையில்தான் மனம் ஆறவில்லை. அகலம் குறைக்க வேண்டும் என்று வலது ஓரத்துக் கீகளைக் கழித்தார்கள். சதுர அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு எல்லாம் எஃப்என் (Fn) என்ற துணைக் கீயோடு இன்னொரு கீயையும் சேர்த்து அழுத்துகிற மாதிரி ஆயின. ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் 1999இல் தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் அந்த ஓரத்தில் இருப்பவை ச, ஞ, ந, ய, ழ. நடு மடிப்பு அந்த அமைப்புக்கு நன்றாகவே ஒத்துப்போகும். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஓரத்தை வெட்டினால் மெய்கள்தான் போகும். 'சோழவந்தான்' என்று ஓர் ஊர்ப்பெயரை அடித்துக் காட்டினேன். ச, ழ, ந என்று மூன்று இடத்தில் எஃப்என் கீயைத் தேட வேண்டியிருந்தது. 'இதில் யார் தமிழில் அடிக்கப் போகிறார்கள்?' என்று கேட்டார் கூட்டத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெயரும் முகவரியும் பதிவு செய்யப் போகிற கருவிக்கு இந்தக் கேள்வி! கடைசியில் அப்படியே செய்தார்கள். களத்தில் இருந்தவர்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிவு செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்தப் பெயரில் ழகரம், எதில் ளகரம் என்று அந்தப் பதிவுகளைப் பார்த்து இனி யாரும் சொல்ல முடியாது.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது எனக்குத் தெரியும். குரலில் சொன்னாலே எழுத்தாகிறதே என்பவர்களும் வருவார்கள். கூட்டமான பேருந்தில் ஒருவருடைய நோய் விவரத்தையோ கடன் விவரத்தையோ உரக்கச் சொல்லிப் பதிய முடியுமா என்று அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு: வாங்குவதற்கு முன் விரித்த கீபோர்டை மேசையில் அல்ல, தொடைமேல் வைத்து அடித்துப் பாருங்கள். விரித்த நிலையில் ஒரு ஓரத்தை மெதுவாகத் தூக்கி, எல்லாக் கீகளும் பதிகின்றனவா என்று பாருங்கள். தமிழ்99 பழகியவர் என்றால் வலது ஓரத்தில் அந்த ஐந்து கீகளும் தனித்தனியாக, முழு அளவில் இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.