ஃபெடரல் வழக்கில் மகன்: வக்கீல் ஃபீஸுக்காக நிலத்தை விற்கலாமா?

சட்டம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, என் மகன் எச்1பி விசாவில் நியூஜெர்சியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தான். மூன்று வாரங்களுக்கு முன் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவனையும், நிறுவன உரிமையாளரையும், இன்னொரு ஊழியரையும் 'வயர் ஃப்ராடு' (மின்னஞ்சல், தொலைபேசி போன்றவற்றின் வழியாகச் செய்யும் மோசடி) சதி வழக்கில் கைது செய்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்திருக்கிறது. அரசாங்கம் கொடுத்த வக்கீல் அரசாங்கத்தை எதிர்த்து எப்படி மனசாரப் பேசுவார் என்பது என் பயம். உரிமையாளரோ, தன்னுடைய வக்கீலே மூன்று பேருக்கும் ஆஜராவார், செலவு தன்னுடையது என்கிறார். உறவினர் ஒருவர், தனக்கு கிரீன் கார்டு வாங்கித் தந்த வக்கீலைச் சொல்கிறார். வேறொரு தனியார் வக்கீல் 75,000 டாலர் கேட்கிறார். கள்ளிக்குடிப் பக்கம் எங்களுக்கு உள்ள ஒன்றரை ஏக்கருக்கு ஆள் வந்திருக்கிறது. விற்று அனுப்பிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்

பதில்: கிரயப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். தங்கள் மகனுக்கு இன்று வக்கீல் இருக்கிறார். அவர் தாங்கள் நினைப்பதைவிட நல்ல வக்கீலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

'அரசாங்க வக்கீல்' என்ற சொல்தான் தங்களைக் கலங்கவைக்கிறது. ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றத்தில், குற்றம் சாட்டி வழக்கு நடத்துபவர்கள் அமெரிக்க அரசின் நீதி இலாகாவைச் சேர்ந்த வழக்கறிஞர்கள். எதிர்த்தரப்புக்காக நிற்கும் ஃபெடரல் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் அந்த இலாகாவின் கீழ் வருபவர் அல்லர். அவருடைய அலுவலகத்துக்குச் சம்பளம் நீதிமன்றங்களின் நிதியிலிருந்து வருகிறது. அலுவலகத் தலைவரை அந்த வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 4 ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. வசதியில்லாதவருக்கு வக்கீல் இல்லாமல் ஃபெடரல் குற்ற வழக்கு நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த வக்கீலுக்கு முறையாகப் பணம் கிடைக்க 1964-ல் தனிச் சட்டம் வந்தது. நியூவார்க், டிரென்டன், கேம்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் இந்த அலுவலகம் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு வருடம் முழுவதும் ஃபெடரல் குற்ற வழக்குகளைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒரே வழக்கில் மூன்று பேர் சிக்கும்போது ஒருவருக்கு இந்த அலுவலகமும், மற்றவர்களுக்கு நீதிமன்றப் பட்டியலில் உள்ள தனியார் வக்கீல்களும் நியமிக்கப்படுவது வழக்கம். இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு வந்து வாய்தா வாங்கிவிட்டுப் போவார் என்ற எண்ணத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். குறையும் உண்டு: வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மகனுக்கு இல்லை, அவர் கையில் வேறு வழக்குகளும் இருக்கும்.

இந்த உதவிக்கான தகுதி மகனின் சொந்த வரவு, சேமிப்பைப் பொறுத்தது. சத்தியப் பிரமாணமாக அவர் எழுதிக் கொடுக்கும் படிவத்தில் ஒரு ரூபாயைக்கூட மறைக்கக் கூடாது. மறைத்தால் அதுவே இன்னொரு குற்றமாகும். ஆனால் தகப்பனாருடைய நிலத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, குடும்பமே முன்வந்து உடனே வக்கீல் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னாலொழிய.

உரிமையாளரின் வக்கீல் விஷயத்தில் எனக்கு ஒரு கணமும் தயக்கம் இல்லை: கூடவே கூடாது. சதி வழக்கில் ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெடுதலாக முடியும். 'முதலாளி சொன்னதைச் செய்தேன், உள்விவரம் எனக்குத் தெரியாது' என்பதே தங்கள் மகனின் உண்மையான பதிலாக இருந்தால், முதலாளியிடம் ஃபீஸ் வாங்கிய வக்கீல் அதை எந்த வாயால் சொல்வார்? அரசுத் தரப்பு முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைத்தால், நம் ஊரில் அப்ரூவர் ஆவது என்கிறோமே, அந்த வழியைப் பற்றி மகனுக்கு நேர்மையாக யோசனை சொல்ல அவரால் முடியாது. ஃபெடரல் குற்ற நடைமுறை விதிகளின் 44-ஆம் விதி, ஒரே வக்கீல் பலருக்கு ஆஜரானால் நீதிபதியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எடுத்துச் சொல்லி விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இந்த ஆபத்து எவ்வளவு பழகிப்போன ஒன்று என்பதற்கு அந்த விதியே சாட்சி. இனிமேல் மகன் உரிமையாளருடன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பெரும்பாலும் ஜாமீன் நிபந்தனையிலேயே அது இருக்கும்.

கிரீன் கார்டு வக்கீலை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், அவரிடம் வழக்கை ஒப்படைக்கவும் வேண்டாம். பத்திரம் எழுதுவதில் கைதேர்ந்தவரை நாம் கொலை வழக்குக்கு அமர்த்துவதில்லை. ஆனால் மகன் குடியுரிமை இல்லாதவர் என்பதால் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரின் ஆலோசனை கட்டாயம் வேண்டும். 10,000 டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்படுத்திய மோசடியில் தண்டனை பெற்றால் குடியேற்றச் சட்டம் அதைக் கடுங்குற்றமாக வைத்திருக்கிறது. நாடு கடத்தலைத் தடுப்பது ஏறக்குறைய முடியாத காரியமாகிவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் வாய்ப்பு உண்டா என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லவேண்டியது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று, கென்டக்கி மாநில வழக்கு ஒன்றில் 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைக் காலத்தைக் கணக்கிடும் ஃபெடரல் வழிகாட்டு நெறிகளிலும் மோசடி வழக்கில் நஷ்டத் தொகைதான் பெரிதும் நிர்ணயிக்கிறது. ஆகவே தொகை எவ்வளவு, அதில் மகனின் பங்கு எவ்வளவு என்பதில் ஒவ்வொரு டாலருக்காகவும் போராடத் தெரிந்தவரே இந்த வழக்குக்கு வக்கீல்.

75,000 டாலர் கேட்பவரைப் பிறகு அமர்த்துவதாக இருந்தாலும், முதலில் மகன் அவரிடம் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் ஃபெடரல் மாவட்டங்கள் 94; நியூஜெர்சி மாவட்டத்தில் ஆஜராக அவருக்கு அனுமதி உண்டா, மாநில வழக்குகள் அல்லாமல் ஃபெடரல் மோசடி வழக்குகளை நடத்தியிருக்கிறாரா, ஆவணங்களை அவரே படிப்பாரா, ஜூனியரிடம் தள்ளிவிடுவாரா என்பவை அவற்றில் முதன்மையானவை. ஃபெடரல் வழக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, விசாரணைக்குப் போகாமல் குற்ற ஒப்புதலில் முடிகின்றன. மதுரைக் கிளையில் அனல் பறக்க வாதாடும் சீனியரை மனத்தில் வைத்துக்கொண்டு தாங்கள் தேடுவீர்கள். அங்கே பெரும்பாலும் பயன்படுவது, லட்சக்கணக்கான மின்னஞ்சல்களைப் பொறுமையாகப் புரட்டும் கண்ணும், அரசுத் தரப்போடு பேசத் தெரிந்த நாவும், தண்டனைக்கு முன் நீதிபதிக்கு எழுதும் மனுவும்தான். சட்டப் புத்தகத்தில் உள்ள 20 ஆண்டு என்ற உச்ச அளவைப் பார்த்துத் தாயார் உறக்கம் இழக்க வேண்டாம். உண்மையில் விதிக்கப்படுவது பெரும்பாலும் அதைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். ஆனால் 1987 நவம்பருக்குப் பிந்தைய ஃபெடரல் குற்றங்களுக்கு, தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கும் பரோல் கிடையாது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

'விடுதலை உறுதி' என்று எந்த வக்கீல் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு என்று குற்ற வழக்கில் ஃபீஸ் பேசுவது அங்குள்ள வழக்கறிஞர் ஒழுக்க விதிகளுக்கு விரோதம். 75,000 என்பது எதுவரைக்கும், விசாரணைக்குப் போனால் கூடுதல் எவ்வளவு, இடையில் வக்கீலை மாற்றினால் செலவாகாத பணம் திரும்புமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

தாங்களே பணம் கட்டினாலும் கட்சிக்காரர் மகன்தான், தாங்கள் அல்லர். வக்கீல் தங்களிடம் எதையும் சொல்ல மறுத்தால் வருந்தாதீர்கள். ரகசியம் காப்பதால்தான் மறுக்கிறார். வக்கீலிடம் மகன் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; தகப்பனிடம் பேசுவதற்குப் பொதுவாக அது இல்லை. ஆகவே 'என்னதான்டா நடந்தது?' என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். கேட்கத் துடிக்கும் மனம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, பேரப்பிள்ளை எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்துங்கள். ஃபெடரல் அதிகாரிகளிடம் தெரிந்தே பொய் சொல்வதற்கு மட்டுமே 5 ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால், வக்கீல் இல்லாமல் மகன் அவர்களிடமும் பேசக் கூடாது.

பணம் அனுப்பும் கட்டம் வந்தால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி முன்கூட்டி வரி பிடிக்கும், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உண்டியலில் (ஹவாலா வழியில்) அனுப்பினால் இங்கேயும் அங்கேயும் புது வழக்கு. இப்போதைக்குப் படிப்புச் சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள், மகனை அறிந்த ஆசிரியர்களின் முகவரிகள் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள்; வக்கீல் கேட்கும் நாளில் அவை வேண்டியிருக்கும். நிலத்துக்கு வந்திருப்பவரிடம் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அக்கா மகன் டெக்சாஸில் ஃபெடரல் காவலில் இருக்கிறான். இந்தியத் தூதரகம் வக்கீல் வைத்துத் தருமா? அவனுக்கு ஆங்கிலம் சரளமாக வராது.
- வாசகி, மேலூர்

பதில்: தூதரகம் வழக்கை நடத்தாது, ஜாமீனும் எடுக்காது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, அவர் கேட்டால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும்; கேட்காவிட்டால் போகாது, ஆகவே கேட்கச் சொல்லுங்கள். தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கலாம், உள்ளூர் வக்கீல்களின் பட்டியல் தரலாம். மிகவும் வசதியற்றவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து சட்ட உதவி கிடைக்க வழியுண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் தாங்கள் மேலூரிலிருந்தே மனு பதியலாம். சிறைத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும், தமிழில் பேசினாலும் மொழிபெயர்க்கப்படும் என்பதை மறக்காதீர்கள். ஆங்கிலம் போதாது என்று அவர் முதல் நாளே வக்கீலிடமும் நீதிபதியிடமும் சொன்னால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றமே தன் செலவில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். பாதி புரிந்து 'யெஸ்' சொல்வதைக் காட்டிலும் அதற்காக ஒரு நாள் காத்திருப்பது மேல்.