வீட்டை வைத்து வாங்கும் விசா வேண்டாம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த்தில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். இருவருக்கும் நடுவில் மகன். வயது 21. போலிடெக்னிக்கில் மெக்காட்ரோனிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் ஒப்பந்த டெக்னீஷியனாக இருக்கிறான்.

அப்பா மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை வைத்தார். உள்ளே மூன்று தாள். ஒன்று, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த இடம்: பிசினஸ் மேனேஜ்மெண்ட், கடைசி ஆண்டு மட்டும் அங்கே. இரண்டாவது, வீட்டுக் கடனைப் புதுப்பித்துக் கூடுதல் பணம் எடுக்க வங்கி கொடுத்த பாரம். மூன்றாவது, ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கும் பாரம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"லண்டனில் எங்கள் பெரியப்பா மகன் இருக்கிறார் சார். டிகிரியை முடித்தால் ரெண்டு வருசம் வேலை விசா தானாகவே வரும், அப்புறம் அங்கேயே இருந்துவிடலாம் என்கிறார். எங்களுக்குப் பயமாகவும் இருக்கிறது, விட்டுவிடவும் மனசில்லை" என்றார் அம்மா.

கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். மூன்று தாளையும் படித்து முடித்தபின் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இதில் கவலைப்படத்தான் வேண்டும்.

முதலில் கணக்கைப் போட்டோம். கல்விக் கட்டணம் 16,500 பவுன். லண்டனுக்கு வெளியே தங்கினாலும் மாதம் 1,100 பவுனுக்கு மேல், 9 மாதத்துக்கான பணத்தைக் கையில் வைத்திருப்பதாகக் காட்டவேண்டும். விசா கட்டணம் தனி. அங்குள்ள சுகாதாரச் சேவைக்கு மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுன் முன்கூட்டியே கட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால், விமான டிக்கெட் வாங்கும் முன்பே ஒன்றரை லட்சம் வெள்ளி. அந்த அப்பாவுக்கு வயது 53.

சரி, படித்து முடித்தபின்? பெரியப்பா மகன் சொன்னதில் பாதி உண்மை. கிராஜுவேட் விசா என்று ஒன்று உண்டு. இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குத் தனிக் கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுன் சுகாதாரக் கட்டணம் வேறு. அந்தக் காலம் முடிந்தால் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறவேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை கொடுத்தும் 33,400. வேலையும் பெரும்பாலும் பட்டதாரி நிலை வேலையாக இருக்கவேண்டும். ஓர் ஆண்டு பிசினஸ் படித்துவிட்டு, அனுபவமில்லாமல், அந்தச் சம்பளத்தையும் விசா பொறுப்பையும் ஏற்கும் முதலாளியைத் தேடவேண்டும். பெரியப்பா மகன் போன காலத்தில் இந்த விதிகள் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரைப் பற்றிச் சொல்கிறார், அந்த ஊர் இப்போது இல்லை.

வெளிநாட்டு வேலை விசா எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான். உங்கள் கையிலிருந்து அந்த நாட்டுக்குப் போகிறதா, அந்த நாட்டு முதலாளியிடமிருந்து பிள்ளையின் கைக்கு வருகிறதா? படிப்பு விசாவை வேலை விசாவாக நினைத்து வாங்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் கடனாளி ஆகின்றன. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். மாணவர் விசா கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர். கல்லூரி நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதில் சம்பாதித்து வீட்டுக் கடனை அடைப்பது நடக்கிற காரியமில்லை.

இத்தனை நேரமும் பையன் வாயே திறக்கவில்லை. நாற்பது நிமிடம். அவன் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்தது. "தம்பி, போன வாரம் வேலையில் என்ன செய்தே?" என்று கேட்டேன். நிமிர்ந்தான். கன்வேயரில் ஒரு தள்ளும் கை பாதியிலேயே நின்றுபோகிறதாம். சென்சார் கெட்டுவிட்டது என்று எல்லாரும் அதையே மாற்றிக்கொண்டிருந்தார்களாம். இவன் காற்றுக்குழாயில் ஒரு சின்னக் கசிவைக் கண்டுபிடித்திருக்கிறான். பேச்சு போதவில்லை அவனுக்கு. என் பேனாவை எடுத்து, கையில் கிடைத்த தாளின் பின்பக்கம் சிலிண்டரை வரைந்து, காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அம்பு போட்டுக் காட்டினான். முடித்தபின்தான் கவனித்தோம். அது பல்கலைக்கழகத்தின் கடிதம்.

அந்தக் கடிதத்தின் முன்பக்கத்தில் இருப்பது அவனுக்கு வேண்டாத படிப்பு. பின்பக்கத்தில் இருப்பது அவன் தொழில். இதை அப்பா அம்மா முன்னிலையில் அப்படியே சொன்னேன். பிள்ளையின் நாட்டம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும்போது அதைத் தள்ளிவிட்டு உறவினர் மெச்சும் படிப்பை வாங்கித் தருவதற்கு நான் துணை போகமாட்டேன்.

வெளிநாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு வழி சொல்ல ஒவ்வொரு தாமானிலும் ஆள் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா 18 முதல் 30 வயது வரை உள்ள மலேசியர்களுக்கு உண்டு. ஊர் பார்க்க, கைச்செலவுக்குச் சம்பாதிக்க நல்லது, இவன் தொழிலுக்கு அது எதையும் சேர்க்காது. ஜப்பான் 2019-இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவில் முதல் நிலை மொத்தம் 5 ஆண்டு. குடும்பத்தை அழைத்துப் போகமுடியாது. அதுவும் ஒரு வழிதான். ஆனால் இந்தப் பையனுக்கு நான் சொன்னது வேறு. நம் வீடுகளில் யாரும் பேசாதது: ஜெர்மனியின் அவுஸ்பில்டுங்.

அவுஸ்பில்டுங் என்றால் சம்பளத்தோடு தொழில் பயிற்சி. ஒரு கம்பெனி பிள்ளையை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. சில இடங்களில் வாரக்கணக்காக மாறி மாறி வரும். அரசுத் தொழிற்பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. மெக்காட்ரோனிக்ஸ் பயிற்சிக்கு மூன்றரை ஆண்டு. முன்பே படித்திருந்தால், கம்பெனியும் பயிற்சியாளரும் சேர்ந்து கேட்டுக் காலத்தைக் குறைக்க வழியுண்டு.

சம்பளத்துக்குச் சட்டப்படி ஓர் அடிமட்டம் இருக்கிறது. 2025-இல் பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 682 யூரோ. இரண்டாம் ஆண்டில் அதன்மேல் 18 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 35 விழுக்காடும் கூடும். இது தரைமட்டம்தான். உலோக, மின் தொழில்துறையில் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கம்பெனிகளில் முதல் ஆண்டிலேயே 1,000 யூரோவைத் தாண்டும். மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியச் சந்தாவும் அதில் பிடிப்பார்கள். சம்பளம் செலவுக்குப் போதாது என்று தூதரகம் கருதினால், குறையும் தொகையை, மாதாமாதம் ஓரளவு மட்டும் எடுக்கவிடும் முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டவேண்டும். அதனால்தான் தம்பியிடம் மூனிக் போன்ற பெரிய நகரத்தைத் தேடாதே என்றேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் அறை வாடகைக்கே போய்விடும். நல்ல இயந்திரக் கம்பெனிகள் பல சின்ன ஊர்களில்தான் இருக்கின்றன.

அங்கே முதல் சில வாரம் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ரோபோவைத் தொடவிடமாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து ராவச் சொல்வார்கள். மட்டம் பார்த்து, அளந்து, மறுபடி ராவி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் கொண்டுவரும்வரை விடமாட்டார்கள். தோள் வலிக்கும். என்ன செய்தாய், என்ன கற்றாய் என்று பயிற்சிக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதவேண்டும், அதுவும் ஜெர்மன் மொழியில். பயிற்றுநர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். குறிப்பேடு ஒழுங்காக இல்லையென்றால் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியாது. குளிர்காலத்தில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இதையெல்லாம் கேட்டும் பையன் முகம் சுருங்கவில்லை. "அரத்தால ராவுறது எனக்குப் பிடிக்கும் சார்" என்றான்.

விசா என்று பார்த்தால் இதுவும் தற்காலிக அனுமதிதான். பயிற்சிக் காலத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் அதன் பின்வாசல் அடைக்கப்படவில்லை. தேர்ச்சி பெற்றபின் தகுந்த வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கும். வேலை கிடைத்து இரண்டு ஆண்டு உழைத்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். நடுவில் கம்பெனி மூடப்பட்டாலோ, பையன் தப்பே செய்யாமல் பயிற்சி நின்றுபோனாலோ, வேறு இடம் தேட ஆறு மாதம் வரை கொடுக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேறு பகுதிநேர வேலையும் செய்யலாம். செய்யவேண்டாம் என்பது என் யோசனை. முதல் ஆண்டில் அந்த நேரம் மொழிக்கு வேண்டும்.

மொழிதான் இந்த வழியின் விலை. பி1 என்ற இடைநிலை ஜெர்மன் இல்லாமல் பெரும்பாலான கம்பெனிகள் விண்ணப்பத்தைத் திறக்கமாட்டா, விசாவுக்கும் பொதுவாக அது வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை ஆண்டு ஆகும். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: மலேசிய-ஜெர்மன் சங்கம் இங்கேயே வகுப்பு நடத்துகிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பயிற்சி ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும். பெரிய கம்பெனிகள் ஓராண்டுக்கு முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். காலியிடங்களைத் தேட ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் தளம் இலவசம்.

இங்கே பெற்றோரிடம் கறாராகச் சொன்ன ஒன்றை உங்களிடமும் சொல்கிறேன். அவுஸ்பில்டுங் இடத்துக்கு யாருக்கும் விலை கொடுக்காதீர்கள். இப்போது இதற்கும் ஏஜெண்டுகள் வந்துவிட்டார்கள். பயிற்சி ஒப்பந்தத்தை விற்கமுடியாது. அது அங்குள்ள தொழில் வணிகச் சபையிலோ கைவினைஞர் சபையிலோ பதிவாகவேண்டும். பதிவு பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மலேசியர்கள் 90 நாள் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் போகலாம் என்பதால், முதலில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். கூடாது. கோலாலம்பூரில் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறவேண்டும். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்து, பிடிபட்டு, கைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பிய பிள்ளைகளை இந்த அறையில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அம்மாக்கள் எப்படி அழுதார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. "டிப்ளோமா முடித்தவன் மறுபடியும் அப்ரெண்டிஸா? தீபாவளிக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது?" நியாயமான வேதனை. அவர் லோரி ஓட்டி இவனைப் படிக்கவைத்திருக்கிறார். நான் சொன்னேன்: அண்ணா, தீபாவளிக்கு வருகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வங்கிக்காரர் மாதாமாதம் வருவார். உங்கள் 55 வயதுச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். ஜெர்மன் வகுப்புக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவைப் பையன் தன் சம்பளத்திலேயே கட்டிவிடுவான்.

அம்மாவுக்கு வேறு கவலை. கோயில் குளம் இல்லாத ஊரில் பிள்ளை எப்படி இருப்பான் என்று. ஹாம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது, கோபுரத்தோடு, தேர்த்திருவிழாவோடு இருக்கிறது என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஆனால் எல்லா ஊரும் ஹாம் ஆகாது அக்கா, தனிமை இருக்கும், முதல் குளிர்காலத்தில் போனில் அழுவான், அதற்கும் தயாராக இருங்கள் என்றும் சொன்னேன்.

பி1 முடித்தும் கம்பெனி கிடைக்கவில்லை என்றால்? அதுவும் நடக்கலாம். பாயான் லெப்பாஸில் பாஷ், பி. பிரவுன், கூலிமில் இன்ஃபினியான் என்று ஜெர்மன் கம்பெனிகள் நம் வாசலிலேயே இருக்கின்றன. ஜெர்மன் பேசத் தெரிந்த மெக்காட்ரோனிக்ஸ் டெக்னீஷியன் அந்த வாசலில் நின்றால் அவன் விண்ணப்பம் தனியாகத் தெரியும். அந்த ஒன்றரை ஆண்டு எப்படியும் வீணாகாது. ஒன்றரை லட்சம் வெள்ளிக் கடன் போனால் போனதுதான்.

வங்கிப் பாரத்தை அப்பா அங்கேயே கிழிக்கவில்லை. "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றார். நல்லது, பேசட்டும். பையன் மட்டும் படியிறங்கும் முன் திரும்பி வந்து, ஜெர்மன் தொடக்க நிலையான ஏ1 வகுப்பு எந்தக் கிழமை என்று கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அடுத்த நிலையான ஏ2 முடித்ததும் சான்றிதழோடு வா, உன் விண்ணப்பக் கடிதத்தை உட்கார்ந்து எழுதலாம், அந்தச் சிலிண்டர் படத்தையும் மறக்காமல் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.