புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை செய்யலாமா?

அப்பாவுக்கு 70 வயது, மாத்திரை கேட்கவில்லை, ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பெரியப்பா கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவர். தர்மபுரிக்கு வர பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். எக்செல் வண்டி என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தி ஒதுங்கலாமே. ஒருநாள் விடியற்காலை சிறுநீர் சுத்தமாக நின்றுபோய், டியூப் போட வேண்டியதாயிற்று. இரண்டு முறை கழற்றிப் பார்த்தும் தானாகப் போகவில்லை. வழக்கமான வழி, சிறுநீர்ப் பாதைக்குள் கருவியை விட்டு, வீங்கிப் பாதையை நெருக்கும் புராஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுப்பது. அதற்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் நிறுத்தக் கூடாது என்றார் இதய டாக்டர். அப்படித்தான் ரத்தக்குழாயை அடைக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பெங்களூர் போனோம்.

இதைச் சிறுநீர்ப் பிரச்சனை பார்க்கும் யூராலஜி டாக்டர் செய்வதில்லை, ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் ரேடியாலஜியில் இதற்கென்று பயின்றவர் செய்கிறார். ஆஞ்சியோ மாதிரிதான். தொடையிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே புராஸ்டேட் வரை கொண்டுபோய், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகளை விட்டு இரண்டு பக்கமும் அடைக்கிறார்கள். ரத்தம் குறைந்ததும் வீக்கம் சுருங்குகிறது. பெரியப்பா முழு நேரமும் விழித்தேதான் இருந்தார். ஏசி குளிர்தான் தாங்கவில்லையாம்.

ஆனால் அது ஒரே நாளில் சுருங்குவதில்லை, இதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. முதல் வாரம் எரிச்சல், லேசான காய்ச்சல், முன்னைவிட அவசரம். "இவ்ளோ காசக் கொட்டிட்டு வந்து, இருந்ததும் கெட்டுப்போச்சே" என்று பெரியம்மா புலம்பித் தீர்த்தார். டியூபைக் கழற்றவே மூன்று வாரம் ஆனது. இரவில் ஐந்து முறை எழுந்தவர் இரண்டு முறைக்கு வந்தது மூன்றாம் மாதத்தில்தான். சுரண்டி எடுத்தால் நீரின் வேகம் இதைவிட நன்றாகவே திரும்பும். இதில் சில வருடங்களில் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். அதனால் உங்கள் அப்பாவின் உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்றால், வெறும் பயத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

ஒன்று மட்டும் இதற்குச் சாதகம், கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை: சுரண்டிய பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். இதில் அது குறைவு.

போகும் முன் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள், ஏனென்றால் படமெடுக்கச் செலுத்தும் மருந்து பலவீனமான சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம். பல வருடச் சர்க்கரையோ பீடியோ இருந்தால் ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து வளைந்திருக்கும், குழாய் உள்ளே போகாமலே திரும்ப நேரலாம். மணிகள் இடம் மாறி மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ போகும் ஆபத்தும் உண்டு, அபூர்வம்தான். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், பெங்களூருக்கு ரயிலில் கூட்டிப்போங்கள். பெட்டியிலேயே கழிவறை இருக்கும்.