விலகிய பிறகும் போஸ்டரில் என் முகம்: எப்படி நிறுத்துவது?

கேள்வி: சென்னையில் ஒரு ராக் பேண்டில் 4 வருஷம் பாடினேன். 8 மாதத்துக்கு முன்பே விலகிவிட்டேன். இன்றும் கச்சேரி போஸ்டரில் நடுவில் நிற்பது நான்தான். டிக்கெட் வாங்கியவர்கள் என்னிடமே விசாரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்த முடியும். வக்கீல் நோட்டீஸுக்குப் போகும் முன், அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பேண்டின் பிரஸ் கிட்டிலிருந்துதான் (ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பும் படம், அறிமுகக் குறிப்புத் தொகுப்பு) வரும். கல்லூரி கல்ச்சுரல்ஸ் குழுவோ பப் மேனேஜரோ எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே டிசைனருக்குத் தள்ளிவிடுவார். பாடகர் நடுவில் நிற்கும் குரூப் போட்டோவில் அவரை மட்டும் வெட்டவும் முடியாது. கிட்டாரிஸ்டின் கை அவர் தோளில் இருக்கும், வெட்டினால் அந்தக் கை அந்தரத்தில் தொங்கும். புது போட்டோ எடுக்கச் செலவாகும் என்று தள்ளிப்போட்டே மாதங்கள் ஓடிவிடும்.

அதனால் இன்ஸ்டாவில் ஒரு போஸ்ட்டை நீக்கச் சொல்வதால் பயனில்லை. பேண்டுக்கு ஈமெயில் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். விலகிய தேதி, படம் வந்த ஒவ்வொரு இடத்தின் லிங்க், பிரஸ் கிட்டை மாற்றவேண்டும், ஒப்புக்கொண்ட எல்லாக் கச்சேரி ஏற்பாட்டாளர்களுக்கும் புதுப் படம் போகவேண்டும், இதற்கு 7 நாள் கெடு: இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஏற்பாட்டாளர் பெயர் போஸ்டரிலேயே இருக்கும், அவருக்கும் நகல் அனுப்புங்கள். டிக்கெட் தளத்தில் விவரத்தைத் திருத்தச் சொல்லவேண்டியவர் அவர்தான். ஈமெயில் அனுப்பும் முன்பே தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஒரிஜினல் ஃபைல் போனிலேயே இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போனால் 2023 பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவு மின்னணு ஆதாரங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடுதான் ஸ்க்ரீன்ஷாட்டின் நகலைத் தாக்கல் செய்யமுடியும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "என் படம், என் உரிமை" என்று இன்ஸ்டாவில் பதிப்புரிமைப் புகார் கொடுப்பார்கள், அது நிற்காது. படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது. காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கொடுத்தவருடையது. படத்தில் இருப்பதால் மட்டும் உங்களுக்கு வராது. ஆளுமை உரிமை, அதாவது ஒருவரின் பெயரையும் முகத்தையும் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை, என்றொரு வழி உண்டு: 2015-ல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அது ஊரறிந்த முகங்களுக்குக் கைகொடுக்கும் வாதம். உங்களுக்கு வலுவானது, வராத பாடகரைக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள் என்பது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் என்று இதை வாதிடலாம். இதை ஒரு வரியில் ஏற்பாட்டாளருக்கு எழுதினால் போஸ்டர் சீக்கிரம் மாறும்.

நீங்கள் பாடிய பழைய பாடல்களில் உங்கள் பெயரை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். பாடியவர் நீங்கள் என்று சொல்லப்படுவது பதிப்புரிமைச் சட்டம் 38பி பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை. பேண்டை விட்டதால் அது போகாது. பழைய மேடை வீடியோக்களும் இருக்கட்டும், தேதியைக் குறிப்பிடச் சொன்னால் போதும்.

இதை மானப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள், பணப் பிரச்சினையும் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கச்சேரி லாபத்தைப் பங்குபோட்டு வந்திருந்தால் அதைப் பார்ட்னர்ஷிப் என்று வாதிட இடமுண்டு. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கச்சேரி ரத்தானால், உங்களைப் பார்ட்னராக அறிந்திருந்த ஏற்பாட்டாளர் உங்களையும் தேடி வரலாம். 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 32வது பிரிவுப்படி, விலகியதைப் பொது அறிவிப்பாகச் சொல்லாதவரை பொறுப்பு தொடரும். உங்களைப் பார்ட்னர் என்று காட்டுவதைத் தெரிந்தே விட்டுவைத்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு உங்களைப் பொறுப்பாக்கும் 28வது பிரிவும் சேரும். சட்டம் கேட்கும் பொது அறிவிப்பு அரசிதழிலும், சென்னையில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழிலும் வரவேண்டும். பதிவுசெய்த நிறுவனம் என்றால் பதிவாளருக்கும் தெரிவிக்கவேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல், விலகிய தேதியோடு உங்கள் பக்கத்தில் ஒரு பதிவைப் போட்டு மேலே பின் செய்துவையுங்கள். பேண்டின் வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்து இருந்தால், அதை நீக்கக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.