எல்க் வேட்டைக்கு எந்த ஜிபிஎஸ்?

கேள்வி: டென்வரில் ஐடி வேலை பார்க்கிறேன். வருடாவருடம் எல்க் மான் வேட்டைக்குப் போகும் அலுவலக நண்பர்கள் இருவர், இந்த அக்டோபர் கடைசியில் கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலைக்காட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நாள், கூடார வாசம். லைசென்ஸ், பயிற்சி வகுப்புச் சான்றிதழ் எல்லாம் ஆகிவிட்டது. கையடக்க ஜிபிஎஸ் மட்டும் பாக்கி. கார்மின் கம்பெனியிலேயே 150 டாலர் ஈட்ரெக்ஸ் எஸ்இ முதல் 600 டாலருக்கு இன்ரீச் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி) உள்ள ஜிபிஎஸ்மேப் 67 வரை இருக்கிறது. ஒரு நண்பர் "போனே போதும்" என்கிறார். மற்றவர் "இருப்பதிலேயே பெரிதாக வாங்கு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: போன் போதும் என்பவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. டவர் இல்லாவிட்டால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போனும் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. டவர் இல்லாமல் போனால் வராதது வரைபடம்தான். அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் நாள் முழுக்க ஓடும்.

காலை வாருவது குளிர். அக்டோபர் கடைசியில் பத்தாயிரம் அடி உயரத்தில் ராத்திரி தண்ணீர் உறைந்துவிடும். அந்தக் குளிரில் 40 சதவீதம் சார்ஜ் காட்டிய போன் திடீரென்று அணைந்துபோவது சாதாரணம். கையுறையோடு தொடுதிரையைத் தட்டுவதும், ஈரப்பனி விழுந்த திரையில் விரலை இழுப்பதும் தனித் தொல்லை. அதனால்தான் பொத்தான் வைத்த பழைய பாணிக் கருவிகள் வேட்டைக்காரர்களிடம் இன்னும் ஓடுகின்றன. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் ஏஏ அளவு பென்சில் செல் இரண்டில் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. சாதா ஆல்கலைன் செல் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். திரும்ப சார்ஜ் ஏற்றாத லித்தியம் செல்லாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

அடுத்து வரைபடம். கொலராடோவில் தனியார் நிலத்துக்கு வேலியோ அறிவிப்புப் பலகையோ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எது யார் நிலம் என்று தெரிந்துகொண்டு, அனுமதி வாங்கி நுழைவது வேட்டைக்காரர் பொறுப்பு. ஃப்ளாட் டாப்ஸின் நடுப்பகுதி அரசுக் காடு. ஓரங்களுக்கு வந்தால் பண்ணை நிலமும் அரசு நிலமும் கலந்து கிடக்கும். 150 டாலர் எஸ்இ இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகிறது. பேட்டரி அபாரம்தான், ஆனால் கருவிக்குள் வரைபடமே கிடையாது. நில உரிமை எல்லைகளுக்கு ஆன்எக்ஸ் ஹன்ட் போன்ற செயலியின் கொலராடோ மாநிலச் சந்தாவைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்களிடம் அநேகமாக ஏற்கெனவே இருக்கும்.

செயலி காட்டும் எல்லைக் கோட்டை முழுக்க நம்பிவிடாதீர்கள். 2021இல் வயோமிங்கின் எல்க் மலையில், மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் இரண்டு அரசு நிலங்கள் மூலையில் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தாண்டினார்கள். அதே மூலையைத் தொடும் மற்ற இரண்டு நிலங்களின் சொந்தக்காரர், தன் நிலத்தின் மேலாகக் கடந்தார்கள் என்று வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. ஆனால் அவர்கள் மூலையைத் தாண்டியது சர்வே குறியைக் கண்ணால் பார்த்த பிறகு. மூன்று நான்கு மீட்டர் பிசகு எந்தக் கையடக்கக் கருவிக்கும் உண்டு, வரைபடத்தில் போட்ட கோட்டுக்கும் தனிப் பிசகு உண்டு. எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள்.

இனி, முதல் தடவை போகிறவர்கள் யோசிக்காத ஒன்று. வேட்டையில் ஜிபிஎஸ்ஸுக்கு உண்மையான வேலை வருவது சுட்ட பிறகுதான். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய கறியே எண்பது நூறு கிலோ தேறும். தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். மாலையில் விழுந்த மானை அங்கேயே அறுத்து, பின்தொடை, முன்தொடை என்று பிரித்து, முதுகில் கட்டி நாலைந்து நடை சுமக்க வேண்டும். இரண்டாவது நடைக்கே இருட்டிவிடும். காய்ந்து விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் காட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எல்லா மேடும் ஒரே மாதிரிதான் தெரியும். மான் விழுந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தைக் கருவியில் குறித்துவிடுங்கள், கத்தியை எடுப்பது அப்புறம். சுட்ட இடத்தையும் குறிப்பது நல்லது. அடிபட்டு ஓடிய மானின் ரத்தத் தடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? நண்பர்களில் யாரிடமாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு 32எக்ஸ் போதும். 22எக்ஸ் விலை குறைவு, ஆனால் அதில் மின்னணுத் திசைகாட்டி இல்லை; நடந்துகொண்டே இருந்தால்தான் திசை காட்டும், நின்றால் குழப்பும். 32எக்ஸில் செல் மாற்றியதும் திசைகாட்டியைச் சரிசெய்ய மறக்காதீர்கள். நான் மறந்து, அரை மணி நேரம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன்.

யாரிடமும் இல்லையென்றால் போனோடு இன்ரீச் மினி 2 வாங்குங்கள். நூறு கிராம் எடை, உலகம் முழுக்க எட்டும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக எஸ்ஓஎஸ் (அவசர உதவி அழைப்பு) போகும், வந்த தடத்திலேயே திரும்பவும் வழி காட்டும். எல்லாம் ஒரே கருவியில் வேண்டுமென்றால் இன்ரீச் உள்ள ஜிபிஎஸ்மேப் 67. ஒரே சார்ஜில் 165 மணி நேரம் என்கிறது கம்பெனி. ஐந்து நாள் பயணத்துக்குத் தாராளம். இன்ரீச் இல்லாத 67 வெளியானபோது 500 டாலர், உள்ளது 600. ஐந்நூறு கொடுக்கிறவர் அந்த நூறை மிச்சம் பிடிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் இன்ரீச் எதுவானாலும் சந்தா கட்டாமல் எஸ்ஓஎஸ் கிடையாது. கடை விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஐபோன் 14 வைத்திருக்கிறேன். அதிலேயே செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, அமெரிக்காவில் வேலையும் செய்கிறது. ஆனால் போனை வானத்தை நோக்கிப் பிடித்து, திரை சொல்லும் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே கால் உடைந்து கிடக்கும்போது அது எளிதல்ல. முன்னால் சொன்ன குளிர் பேட்டரிப் பிரச்சினையும் அதே போனுக்குத்தான். இரண்டாவது காப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். வால்பாறைப் பக்கம் ட்ரெக்கிங் போகும்போது இதே இன்ரீச்சைக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் மாட்டியிருக்கிறார்கள். பையின் தோள்பட்டையில் மாட்டியபடியே மறந்து கொண்டுவந்தால்கூட "தெரியாது" என்பது எடுபடாது. பெட்டி கட்டும்போது அதை டென்வர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.