பார்த்தால் கேமரா பை மாதிரித் தெரியக் கூடாது: வாசகர் கேள்விகள்

தினமும் கூடவே எடுத்துப் போகிற கேமராவுக்கு எந்தச் சின்னப் பை சரிப்படும் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பை வாங்கிய நண்பர்கள் பலர் இரண்டே மாதத்தில் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் பதில்கள் எல்லாமே சின்னப் பை பக்கம்தான் சாயும்.

என்னிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2, கூடவே வந்த 18-55 லென்ஸ். கடையில் 3 லிட்டர், 6 லிட்டர் என்கிறார்கள். எதை வாங்குவது? (கல்லூரி மாணவர், மதுரை)

லிட்டர் கணக்கை விடுங்கள். ஒரே லிட்டர் போட்ட இரண்டு பைகளில் ஒன்று தட்டையாக நீண்டிருக்கும், இன்னொன்று டிபன் கேரியர் மாதிரி உயர்ந்திருக்கும். ஒன்றில் உங்கள் கேமரா அமைதியாக உட்காரும், மற்றதில் ஜிப்பை இழுக்கவே முடியாது. ஸ்கேலை எடுத்து, லென்ஸை மாட்டிய நிலையிலேயே அளந்து பாருங்கள். உங்கள் கேமராவின் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) சுமார் 122 மி.மீ. அகலம், 93 மி.மீ. உயரம். லென்ஸ் முன்னால் 6 செ.மீ.க்குச் சற்று மேலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். பையில் பார்க்க வேண்டியது உள்ளளவு. வெளியளவை நம்பி வாங்கினால் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு தின்னும் இடம் கணக்கில் வராது.

கேமராவைக் கடைக்கே எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. ஆன்லைனில் வாங்குவதென்றால், பையின் உள்ளளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அதற்குள் கேமராவை இறக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான், பையைத் திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம். இன்னொரு லென்ஸ் வேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் போதும். 160 கிராம்தான், நீளமும் 4 செ.மீ.தான் (50 மி.மீ. என்பது குவியத்தூரம், லென்ஸின் நீளம் அல்ல), ஒரு மூலையில் அடங்கிவிடும். நீள ஜூம் லென்ஸுக்கும் சேர்த்து இடம் பார்க்க ஆரம்பித்தால் அது தினசரிப் பையாக இருக்காது.

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போகிறேன். திருட்டு பயம். எந்தப் பை கேமரா பை என்று காட்டிக்கொடுக்காது? (வங்கி ஊழியர், குரோம்பேட்டை)

முதலில் காட்டிக்கொடுப்பது பை அல்ல, பட்டை. கேமராவோடு பெட்டியில் வரும் பட்டையில் கம்பெனி பெயர் பட்டையின் முழு அகலத்துக்கும் எழுதியிருக்கும். பை வாயிலிருந்து அது நாலு விரல் தொங்கினாலே எதிர் சீட்டில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு எழுத்தில்லாத ஒன்றை மாட்டுங்கள். கேமராவின் முகப்பிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் கருப்பு டேப் ஒட்டலாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான உலோகத்தைக் கருப்பு டேப்பால் மறைத்துத்தான் தெருவில் நடந்தார்.

அடுத்தது பையின் உருவம். கருப்பு நைலான், பெட்டி போன்ற விறைப்பு, முகப்பில் கம்பெனி முத்திரை, இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்காது. கடையில் இலவசமாகத் தரும் பை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தொளதொளவென்ற துணிப்பை பாதுகாப்பு. ஜிம் டொம்கே என்ற பிலடெல்பியா பத்திரிகைப் புகைப்படக்காரர் 1970களில் கான்வாஸ் பை ஒன்றை உருவாக்கினார், அந்த வகைப் பை இன்றும் விற்கிறது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் கம்பெனி முதலில் தைத்தது மீன்பிடிப்பவர்களுக்கான பைகளைத்தான். புகைப்படக்காரர்கள் அவற்றை வாங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகே கேமரா பக்கம் வந்தது. கேமராவுக்கென்று பிறக்காத பையே கேமராவை நன்றாக மறைக்கிறது.

ஆனால் அவையெல்லாம் இங்கே விலை அதிகம், விவரம் தெரிந்தவர் கண்ணுக்குத் தனியாகவும் தெரியும். நம் ஊர் மின்சார ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்காத பை ஜோல்னாப் பையும் டிபன் பையும்தான். கெட்டித் துணியில் ஒரு ஜோல்னாப் பை எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து வாய்க்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேமரா அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சு உறை போதும். உறையின் உட்பக்கம் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணியாக இருக்கட்டும், இருட்டில் கருப்பு லென்ஸ் மூடியைத் துழாவ வேண்டியிருக்காது. நான் எட்டு வருடமாக வைத்திருப்பது இந்த மாதிரிப் பைதான். கூட்டத்தில் நிற்கும்போது பையை முன்பக்கம் இழுத்து, ஜிப் மூடி முடியும் முனை உங்கள் உடம்பை ஒட்டி இருக்கும்படி வையுங்கள்.

அலுவலகப் பையிலேயே கேமராவையும் வைக்க முடியுமா? தனியாக இன்னொரு பை தூக்கினால் தோள் வலிக்கிறது. (பெண் வாசகர், கோவை)

முடியும், உங்களுக்கு அதுதான் நல்லதும்கூட. கேமராவுக்கான ஸ்பாஞ்சு உறை தனியாகவே கிடைக்கிறது, அதைக் கைப்பைக்குள் இறக்கிவிடுங்கள். சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் அதே பையில் வேண்டாம். சாம்பார் ஒருமுறை கசிந்தால் போதும், லென்ஸ் வளையத்துக்குள் போன எண்ணெயை எடுக்க சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

வலிக்குக் காரணம் பல நேரம் பையின் சொந்த எடைதான். உதாரணத்துக்கு, சோனி ஏ6400 கேமராவின் பாடி 403 கிராம், 16-50 லென்ஸ் 116 கிராம். இரண்டும் சேர்ந்து அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதைச் சுமக்க ஒரு கிலோ எடையுள்ள பை எதற்கு? வாங்குமுன் வெறும் பையின் எடையைக் கேளுங்கள். ரிக்கோ ஜிஆர் 3 போன்ற கேமரா என்றால் 257 கிராம்தான், ஒரு துணி உறையே போதும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? பையில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருக்கிறது. (கடலூர்)

அதை நம்பி ஐப்பசி மழையில் நிற்காதீர்கள். துணி தாங்கினாலும் தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஜிப் கவரைப் பையிலேயே மடித்து வைத்திருங்கள், தூறல் ஆரம்பித்ததும் கேமரா அதற்குள் போகட்டும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே இருபது நிமிடம் விட்டால் சரியாகிவிடும்.

வீட்டிலும் கேமராவை அதே பையில்தான் வைத்திருக்கிறேன். தூசி படாது இல்லையா? (சென்னை)

தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுங்கள். தூசி லென்ஸின் மேலே படியும், துடைத்துவிடலாம். பூஞ்சை உள்ளே வளரும், கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் குறையாது. ஸ்பாஞ்சும் துணியும் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? என் அப்பாவின் பழைய 50 மி.மீ. லென்ஸை இப்படித்தான் இழந்தேன். தோல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று மூன்று மழைக்காலம் திறக்காமலே விட்டிருந்தேன்.

உள்ளே ஈரத்தைக் குறைத்தே வைத்திருக்கும் ட்ரை கேபினெட் என்ற அலமாரி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் ஜெல்லை மாற்றுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூசி லென்ஸுக்கு ஆகாது. பையையும் வாரம் ஒருமுறை வாயைத் திறந்து காற்றாட வையுங்கள்.

மார்கழிக் கச்சேரியில் பையைத் திறந்தால் வெல்க்ரோ சத்தம் சபைக்கே கேட்கிறது. (மயிலாப்பூர்)

வெல்க்ரோவின் ஒரு பக்கத்தின் மேல் துணிப் பட்டை ஒன்றைத் தைத்து மறைத்துவிடுங்கள். அதற்குப் பதில் காந்தப் பொத்தான் வைக்கலாம். ராகம் பாடுகிறவரின் எதிரே அந்தச் சத்தம் கூடவே கூடாது.

மறைவான பை இருந்தால் மக்களுக்குத் தெரியாமல் படம் எடுக்கலாம் அல்லவா? (திருச்சி)

இதற்கு மட்டும் நான் உதவ மாட்டேன். பை மறைவாக இருப்பது திருடருக்காகவும், தெருவில் தேவையில்லாத பரபரப்பு வேண்டாம் என்பதற்காகவும்தான். எதிரே இருக்கும் மனிதரிடமிருந்து கேமராவை ஒளிப்பதற்கு அல்ல. காசிமேட்டில் மீன் பிரிக்கும் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, அவர் பார்க்கும்படியே பையிலிருந்து கேமராவை எடுத்துப் பாருங்கள். "எடு தம்பி" என்பார், இல்லை "வேணாம்ப்பா" என்பார். வேண்டாம் என்றால் கேமரா திரும்பப் பைக்குள் போக வேண்டும். பைக்குள் இருந்தபடியே ஓட்டை வழியாக எடுப்பதற்கு வழி கேட்டு இன்னும் இருவர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

விமானத்தில்? (சிவகாசி)

சின்னப் பையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். சில்லறையோடும் சாவியோடும் உரசாமல் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு வையுங்கள்.

ஸ்கூட்டரில் போகும்போது பையை எங்கே வைப்பது? (வேலூர்)

சீட்டுக்கு அடியில் வேண்டாம், இன்ஜின் சூடும் அதிர்வும் கேமராவுக்கு ஆகாது. முன்னால் உள்ள கொக்கியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆடி மோதும். உடம்பில் குறுக்காக மாட்டி, பட்டையை இறுக்கி, பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

பட்டை பையோடு சேரும் இடத்தையும் பாருங்கள். என் முதல் பையில் அது பிளாஸ்டிக் கொக்கி. ஒரு மேம்பாலத்தில் அது விட்டுப்போய், பை சாலையில் விழுந்தது. லென்ஸ் இரண்டாகப் பிரிந்ததை ஓரமாக நின்று பொறுக்கினேன். அதன் பிறகு பட்டையைப் பையின் அடிவரை கொண்டுபோய்க் குறுக்குத் தையல் போட்ட பையைத்தான் வாங்குகிறேன். உங்கள் பையில் கொக்கி இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, பட்டையை நேராகப் பையோடு சேர்த்து மெழுகு நூலால் தைத்து வாங்கிவிடுங்கள்.