பல்கலைக்கழகம் பள்ளிக்கு வரும்போது

அன்புள்ள ஐயா,

கல்வியியல் கல்லூரிகள் தம் வளாகத்துக்கு வெளியே, பள்ளிகளிலும் சமூகத்திலும் செய்யும் விரிவாக்கப் பணியைப் பாராட்டி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. எங்கள் பள்ளிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வருகிறார்கள். ஒரு நாள் பயிலரங்கு நடத்தி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, குழுப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆய்வு மாணவர்கள் வினாப் படிவங்களை நிரப்பி வாங்கிச் செல்கிறார்கள். அவற்றிலிருந்து என்ன தெரியவந்தது என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. பிள்ளைகளின் பாடவேளையை இதற்குக் கொடுப்பது நியாயம்தானா?

இப்படிக்கு,
ஒரு தலைமை ஆசிரியை

அன்புள்ள அம்மையீர்,

உங்கள் கேள்வி நியாயமானது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்களிடம் முடிவைத் திரும்ப வந்து சொல்வது ஆய்வு நெறியின் அரிச்சுவடி. அதைச் செய்யாதவர்களுக்கு அடுத்த முறை அனுமதி மறுப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் உறவே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன். பள்ளி தனித்து நின்று செய்ய முடியாத சில வேலைகளைக் கல்வியியல் கல்லூரியின் துணையோடு செய்ய முடியும். ஒரு நாள் பயிலரங்கு அவற்றில் சேராது.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு நாம் அடுத்த நோட்டை எடுக்கிறோம். அதே பிள்ளையை அருகில் உட்காரவைத்து, எப்படிச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்று தடுமாறாமல் சொல்லும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று கீழ் வகுப்பில் கேட்டதை அது ஒன்றுகளின் இடத்திலும் பத்துகளின் இடத்திலும் தனித்தனியாக, நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். கணிதக் கல்வி ஆய்வுகளில் இந்தப் பிழை நெடுங்காலமாக விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஆய்வுகளை அறிந்த பேராசிரியர் கல்லூரியில் இருக்கிறார். பிழை செய்யும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறது. நிறைந்த வகுப்பை ஒற்றையாளாகக் கவனிக்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்படி உட்கார்ந்து கேட்க நேரமில்லை, கற்பித்தல் பயிற்சிக்கு வரும் ஆசிரிய மாணவருக்கு இருக்கிறது. பேராசிரியர், வகுப்பாசிரியர், பயிற்சி மாணவர் ஆகிய மூவரும் ஒரே நோட்டைப் பல வாரங்கள் தொடர்ந்து சேர்ந்து பார்ப்பதைத்தான் நான் அக்கட்டுரையில் பாராட்டினேன்.

இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கியது, கல்வி பற்றிய கருத்துகளைப் பிள்ளைகள் நடுவில் சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பதற்காகவே. ஃபின்லாந்தில் இன்றும் ஆசிரிய மாணவர்கள் கற்பித்துப் பழகும் பயிற்சிப் பள்ளிகளைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அத்தகைய பள்ளிகள் வேண்டும்தான். எனினும் அவை பல்கலைக்கழகத்தின் நிழலில் இருப்பவை என்பதால், ஆள் பற்றாக்குறையும் இடநெருக்கடியும் உள்ள சாதாரணப் பள்ளியின் பாடுகளை அவற்றைக் கொண்டு மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குக் கல்லூரி வெளியே வர வேண்டும்.

எப்படி வர வேண்டும் என்பதற்கு ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள பாட ஆய்வு முறையைக் காட்டுவேன். ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் எங்கே யோசிக்கிறார்கள், எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு வல்லுநரை, பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரை, அழைப்பதும் உண்டு. அவர் கடைசியில்தான் பேசுவார். அந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நம்முடைய பயிலரங்குகளில் வந்தவர் முதலில் பேசத் தொடங்கி, நேரம் முடியும்வரை பேசிவிட்டு, ஏதேனும் ஐயம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

முதலில் கவனித்துக் கேட்டுவிட்டுப் பிறகு பேசும் இந்த முறை பள்ளிக்கு வெளியே உள்ள சமூகத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவின் டூசான் நகரில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் மோல் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்து, 1992இல் ஒரு கட்டுரையாக வெளியிட்ட வேலையை இங்கே சொல்ல வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்குப் பள்ளி ஆசிரியர்களே ஆய்வாளர்களாகச் சென்றார்கள். அந்த வீடுகளில் என்ன குறை என்று பார்க்கப் போகவில்லை. அங்கிருப்பவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கப் போனார்கள். வேளாண்மை, கட்டுமானம், வணிகம், வீட்டு வைத்தியம் என்று அங்கே திரண்டிருந்த அறிவு வகுப்பறைக்குப் பாடமாக வந்தது. ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாய்களை விற்பதை அறிந்த ஆசிரியை மிட்டாயையே பாடப்பொருளாக்கினார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுத்தார். பெற்றோருக்கு விழிப்புணர்வூட்டுகிறோம் என்று சொல்லி மேடை போடுபவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கல்லூரிகள் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். பேராசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கணக்கில் வருகிறது, ஆண்டறிக்கைக்கு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை கணக்கில் வருகிறது. ஒரே பள்ளிக்கு ஓராண்டு முழுவதும் போய்வந்த உழைப்பு இரண்டிலும் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. அதை மாற்ற வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தனியாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் உங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கழித்தலாக இருக்கலாம், வாசிப்பாக இருக்கலாம். பிள்ளைகளின் சில விடைத்தாள்களோடு அதைக் கல்லூரி முதல்வருக்கு எழுத்துமூலமாக அனுப்பி, இந்தக் கேள்விக்காக உங்கள் துறையிலிருந்து ஒருவர் ஓராண்டுக்கு மாதந்தோறும் எங்கள் வகுப்புக்கு வர முடியுமா, பயிற்சி மாணவர்களை இதே வேலையில் ஈடுபடுத்த முடியுமா, கண்டறிந்ததை ஆண்டு முடிவில் எங்கள் ஆசிரியர்கள், பெற்றோர் முன்னிலையில் சொல்வீர்களா என்று கேளுங்கள். முடியும் என்று பதில் வந்தால் பாடவேளையைத் தாராளமாகக் கொடுங்கள். பயிலரங்குக்குத் தேதி கேட்டு மட்டும் பதில் வந்தால், பாடவேளை இல்லை என்று மரியாதையாக எழுதிவிடுங்கள்.

அன்புடன்.